தீவகத்தில் ஓர் ஒல்லாந்துப் பயணம்

ஆம்ஸ்டர்டாம், லெய்டன், டெல்ப்ட், ஹார்லெம் என ஊரூராய்த் தனியே திரிந்து, ஊருக்கொரு மதுச்சாலையில் இளைப்பாறுவது ஐரோப்பா செல்லும் சிலரின் ஆசை. அந்த ஊர்களெல்லாம் நமது தீவகத்திலும் இருந்தன! 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இன்றைய காரைநகரை ஆம்ஸ்டர்டாம் என்றும், ஊர்காவற்றுறை அமைந்த தீவை லெய்டன் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை றொட்டர்டாம் என்றும் அழைத்தனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் மட்டுமே நிலைத்தது. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைக்கு 'ஹம்மன்ஹீல்', அதாவது பன்றித்தொடையின் குதி, என்று பெயர். இலங்கை அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்ததாம். பசியோடு பார்த்திருப்பார்கள்!

மதுச்சாலைக்கும் இங்கே குறைவில்லை. 'தவறணை' என்ற சொல்லே ஐரோப்பியரிடம் பெற்றதுதான். பிளாவில் வார்த்த பனங்கள் மட்டும் நம்முடையது. தீவுகளுக்குப் பெயரிட்டவனை நாம் அறிவோம். காலையும் மாலையும் பனையேறி, பாளை சீவி, முட்டியில் கள் இறக்கியவனை அறிவோமா? அவன் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்தவர்களிற் பலர் அவனைத் தம் வீட்டுத் திண்ணையில் இருக்க விடவில்லை. தவறி விழுந்தால் அவன் குடும்பம் தெருவில். 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய பின்னர்தான் தன் கள்ளின் விற்பனையில் அவனுக்கும் ஒரு குரல் கிடைத்தது.