நாலு பேரின் ஒரு புத்தகம்



"எழுத வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்கும் படிவங்களில் ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள்தான் இருக்கும். கணக்காளனான எனக்குக் கட்டங்கள் பிடிக்கும். ஆனால் இலண்டனுக்குத் தெற்கே கேற்றரத்தில் இருந்த செயின்ற் லோறன்ஸ் வைத்தியசாலையில் வாழ்ந்த நாலு பேரை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஜோயி டீக்கன் 1920இல் மூளை வாதத்துடன் பிறந்தவர். அவர் பேச்சு மற்றவர்களுக்கு விளங்காது. விளங்காதபடியால் அறிவும் இல்லையென்று முடிவுகட்டி, 1928இல், எட்டு வயதில், அங்கே சேர்த்துவிட்டார்கள். 'கற்பிக்க இயலாதவர்' என்ற முத்திரை அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படியே குத்தப்பட்டது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதை நீக்கவில்லை. 1971 ஏப்ரலில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் கதவு திறந்தது. அப்போது ஜோயிக்கு ஐம்பது வயது. அவரைப் போன்ற பெரியவர்களுக்கு அந்தக் கதவால் என்ன பயன்?

அவர்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். ஜோயியின் பேச்சு ஏர்ணி ரொபேர்ட்ஸ் என்ற நண்பருக்கு மட்டும் விளங்கும். ஜோயி ஒரு வசனம் சொல்வார். ஏர்ணி அதைத் திருப்பிச் சொல்வார். மைக்கல் சாங்ஸ்ரர் கையால் எழுதுவார். பிறகு ரொம் பிளக்பேர்ண் தட்டச்சில் அடிப்பார். ரொமுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் வியப்பு. இந்த வேலைக்காகவே தட்டச்சுப் பழகி, எழுத்தெழுத்தாக அடித்தார். நாளுக்குச் சில வரிகள்தான். 44 பக்கங்களுக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன.

இது நமக்குப் புதினமா? அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் நினைத்துப் பாருங்கள். நாம் தமிழில் சொன்னோம், மொழிபெயர்ப்பாளர் திருப்பினார், வழக்கறிஞர் எழுதினார், யாரோ ஒரு பிள்ளை தட்டச்சில் அடித்தது. கடைசியில் நம்முடைய வாக்குமூலம் என்று நாம்தான் கையெழுத்து வைத்தோம். ஜோயியின் புத்தகத்தையும் அவருடையதென்று ஏற்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

1974இல் 'ரங் ரைட்', அதாவது நாக்குக் கட்டுண்டவன், என்ற பெயரில் அது அச்சானது. அதே ஆண்டு பி.பி.சி. அவர்களைப் பற்றிப் படமும் எடுத்தது. 1981இல் சிறுவர் நிகழ்ச்சியொன்றில் ஜோயியைக் காட்டினார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் பள்ளிக்கூட முற்றங்களில் அவர் பெயரே பல ஆண்டுகள் வசையாகத் திரிந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். ஆனால் அதற்கு முன், 1979இல், புத்தகத்தால் வந்த பணமும் கைகொடுக்க, நண்பர்களோடு விடுதியைவிட்டு ஒரு சிறு வீட்டுக்குக் குடிபோயிருந்தார்.