ரப்பருக்கு அரிசி

கொரிய யுத்தத்தின் உச்சத்தில் வானளாவ ஏறிய ரப்பர் விலை மளமளவென்று சரிய, உலகச் சந்தையில் அரிசியோ கிடைப்பதற்கே அரிதாகி விலையேறிக்கொண்டு போக, ரப்பரை விற்றுச் சோறுண்டு வந்த இலங்கை 1952-ஆம் ஆண்டில் இருபுறமும் இடிபடும் மத்தளமாயிற்று.

சீனத்திடம் விற்க அரிசி இருந்தது. ரப்பரும் அதற்கு அவசியமாயிருந்தது. ஆனால், சீனத்துக்கு யுத்த சாதனங்கள் செல்லலாகாதென்று ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் தீர்மானித்திருந்தது. இலங்கை அச்சபையில் அப்போது அங்கத்தினரல்ல. எனினும் ரப்பர் போன்ற அத்தகைய சரக்கை விற்கும் தேசத்துக்கு உதவி கிடையாதென்பது அமெரிக்கச் சட்டம். கொழும்பில் ஆண்டவர்களோ கம்யூனிஸத்தை ஜன்மப் பகையாகக் கருதிய ஐக்கிய தேசியக் கட்சியினர். மக்கள் சீனத்தை 1950-இலேயே அங்கீகரித்திருந்தும் ஸ்தானிகரை அனுப்பினார்களில்லை.

இவ்வளவு பிரதிபந்தங்களுக்கும் நடுவே வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று வழி திறக்க, டிசம்பர் 18-ஆம் தேதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சீனம் தருவது 2,70,000 டன் அரிசி, இலங்கை தருவது 50,000 டன் ரப்பர். சந்தை விலையைக் காட்டிலும் கூடுதலாகவே ரப்பருக்குக் கிடைத்தது. அமெரிக்க உதவி நின்றது. ஜனங்களின் பசிக்கு முன் கட்சிக் கொள்கையைப் பெரிதென்று கொள்ளாத அந்தத் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும், அந்த ரப்பர் யார் கையால் விளைந்தது? களுத்துறையிலும் கேகாலையிலும் விடியுமுன் எழுந்து, பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, அமிலமிட்டு உறையவைத்து, தகடாக உருட்டிப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டோரில் தமிழகத்திலிருந்து குடியேறியோரின் சந்ததியார் அநேகர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரின் பிரஜா உரிமையைப் பறித்துவிட்டது. 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. ஒப்பந்தத்தைப் புகழ்வோர் இவர்களை மறப்பது பெரும் அநீதி.

சீனத்துடன் ராஜீய உறவு 1957-இல்தான் ஏற்பட்டது. ஒப்பந்தமோ புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. அரிசிக்காகச் சீனம் வரை சென்ற அதே அரசாங்கம், 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதையும், ஆகஸ்டு 12-இல் மூண்ட ஹர்த்தாலையும், பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததையும் அடுத்த இதழில் காண்போம்.