திர்ம்மிலி: ஒரு லிசியப் பெயரின் பிறப்பும் அதன் தமிழ் ஒப்பீடும்

சிறு ஆசியாவின் தென்மேற்கு மூலையில், மலைகள் கடலை நெருங்கி நிற்கும் நிலப்பகுதியில் வாழ்ந்த மக்களைக் கிரேக்கர் 'லிசியர்' என்றனர். அம்மக்கள் தம் கல்வெட்டுகளில் தமக்கு வழங்கிக்கொண்ட பெயர் 'திர்ம்மிலி' என்பதாகும். ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் முதல் நூலில் இதனைத் 'தெர்மிலை' என்று குறிக்கிறார். சார்பெடோனோடு கிரீட்டிலிருந்து வந்தோர் கொண்டுவந்த பெயர் இது என்றும், அண்டை மக்கள் தம் காலத்திலும் அவர்களை அவ்வாறே அழைத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். இப்பெயரைத் 'திரமிளர்', 'திரமிடர்' என்னும் வடிவங்களோடு ஒப்பிட்டு, தமிழரின் தொல்பழந் தாயகத்தை மத்தியதரைக் கடற்கரையில் தேடும் போக்கு தமிழ் வரலாற்று எழுத்தில் நெடுங்காலமாக உண்டு. ஒலி ஒப்புமை கண்ணைக் கவர்வது உண்மை. அதனாலேயே இரு சொற்களையும் தனித்தனியே அவற்றின் உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

லிசியக் கல்வெட்டுகள் பெரும்பாலும் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்லறை வாசகங்கள். அவற்றில் இனப்பெயருக்கு இடம் குறைவு. எனவே 1973இல் சாந்தோஸ் நகருக்கு அருகிலுள்ள லெத்தூன் கோயில் வளாகத்தில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு பெருமதிப்புடையது. பிக்சோடாரோஸ் என்னும் காரிய ஆட்சியாளன் லிசியாவின் ஆளுநனாக இருந்தபோது பொறிக்கப்பட்ட அதில், கிரேக்கப் பகுதி 'லிசியா' என்று சொல்லுமிடத்தில் லிசியப் பகுதி 'திர்ம்மிஸ்' என்கிறது. அரமேயப் பகுதியோ உயிரெழுத்தின்றித் 'த்ர்ம்ய்ல்' என்று எழுதுகிறது. பாரசீகப் பேரரசின் ஆட்சிமொழியும் உள்நாட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டது என்பது இதனால் உறுதியாகிறது. 'லிசியா' என்னும் பெயருக்கு வேர் வேறு. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு ஹிட்டைட் ஆவணங்களில் இப்பகுதி மக்கள் 'லுக்கா' எனப்படுகின்றனர். எகிப்தின் அமர்னா மடலொன்றிலும் அப்பெயர் வருகிறது. புறத்தார் இட்ட பெயர் ஒன்று, அகத்தார் வழங்கிய பெயர் மற்றொன்று.

'திர்ம்மிலி' என்பதில் இறுதி 'இலி' விகுதியாகும். அனத்தோலிய மொழிகளில் ஓர் ஊரைச் சார்ந்தவரைக் குறிக்க இவ்விகுதி பழங்காலத்திலேயே வழங்கியது. ஹட்டுசா நகரைத் தலைநகராக்கிய மன்னன் 'ஹட்டுசிலி' என்று பெயர்பெற்றதை நினைவுகூரலாம். 'ஹட்டுசாவைச் சேர்ந்தவன்' என்பதே அதன் பொருள். அவ்வாறாயின் 'திர்ம்ம்' என்னும் பகுதி ஓர் இடப்பெயராக இருத்தல் வேண்டும். ஹிட்டைட் மன்னன் அகியவா நாட்டு மன்னனுக்கு எழுதிய, தவகலவா மடல் எனப்படும் ஆவணத்தில், லுக்கா மக்களோடு சேர்த்துப் பேசப்படும் 'அத்தரிம்மா' என்னும் ஊரே அவ்விடம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். லிசிய மொழி உயிர்களைக் கெடுத்து மெய்களை நெருக்கும் இயல்புடையது: ஹிட்டைட் ஆவணங்களில் 'தலவா' என்றிருக்கும் ஊர் லிசியத்தில் 'த்லவா' ஆகி, கிரேக்கத்தில் 'த்லோஸ்' ஆயிற்று. இவ்விளக்கத்தில் ஓர் இடர் உண்டு. த்லவாவில் கெட்டது இடையுயிர். அத்தரிம்மாவில் கெட வேண்டியதோ முதலுயிர். ஆயினும் இடமும் காலமும் விகுதியும் ஒருங்கே பொருந்தும் வேறு விளக்கம் இதனினும் சிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனித் தமிழ்ப் பக்கம். 'திரமிள', 'திரமிட' என்பவற்றிலுள்ள ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு உரியதன்று. தமிழில் மெய்ம்மயக்கம் மொழிமுதலாகாது. பாலி நூல்கள் 'தமிள' என்கின்றன. இலங்கைப் பிராமிக் கல்வெட்டுகள் 'தமேட' என்கின்றன. இரண்டிலும் ரகரம் இல்லை. வடமொழித் 'துரோணி' பாலியில் 'தோணி' ஆவதுபோலப் பிராகிருதங்களில் சொல்முதல் ரகரம் கெடுவது வழக்கம். அதை அறிந்த வடமொழியாளர், முன்பு இல்லாத இடத்திலும் ரகரத்தை மீட்டதாக எண்ணிப் புகுத்தினர். காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டில் 'திரமிர' என்னும் வாசிப்பை ஏற்றாலும் இந்நிலை மாறாது. அதுவும் தமிழகத்துக்கு வெளியே எழுந்த வடிவமே. ஆக, லிசியச் சொல்லில் 'இலி' விகுதி. தமிழ்ச் சொல்லில் ரகரம் பிற்சேர்க்கை. இவ்விரண்டையும் நீக்கினால் ஒப்புமையாக எஞ்சுவன ஒரு தகரமும் ஒரு மகரமுமே.

மொழியமைப்பும் இதற்கு அரணாகிறது. லிசியத்தில் குதிரை 'எஸ்பெ'. வடமொழி 'அசுவ' என்பதன் உடன்பிறப்பு. மகள் 'க்பத்ரா', லூவிய மொழியில் 'துவத்ரி', வடமொழியில் 'துகித்ரு'. இரண்டு என்னும் எண் 'க்பி', வடமொழியில் 'துவி'. சொல்முதல் 'துவ்' லிசியத்தில் 'க்ப்' ஆகும் என்னும் விதி மகளுக்கும் இரண்டுக்கும் ஒன்றே. உறவுமுறையும் எண்ணும் இவ்வாறு விதிப்படி இந்தோ-ஐரோப்பியமாக நிற்கையில், இனப்பெயரை மட்டும் பிரித்தெடுத்துத் திராவிடம் என்பது பொருந்தாது.

ஒப்பீட்டாளர் எடுத்துக்காட்டும் மற்றொரு சான்று தாய்வழி மரபு. லிசியர் தாயின் பெயரால் தம்மை அறிவித்துக்கொள்வர் என்று ஹெரோடோட்டஸ் கூறுவதைக் கேரளத்து மருமக்கத்தாயத்தோடு இணைப்பர். ஆனால் லிசியக் கல்லறைகளைக் கட்டியோர் தம்மை இன்னாரின் 'திதெயிமி', அதாவது மகன், என்று பொறிக்குமிடத்துப் பெரும்பாலும் தந்தையின் பெயரையே தருகின்றனர். கிரேக்கப் பயணி கேட்டதாகச் சொல்வதையும் அம்மக்கள் தாமே கல்லில் வெட்டியதையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, எனக்குக் கல்லே முதற்சான்று.