மீண்டும் செய்து பார்த்தல்

ஒருவர் கண்டதைப் பிறரும் செய்து காணக் கூடுமாயின் அதுவே விஞ்ஞான உண்மை எனப்படும். இதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் உண்டு.

புழுக்களால் எலிகளின் இரைப்பையில் புற்றுநோய் உண்டாகிறது என்று டென்மார்க் நாட்டு ஃபிபிகர் 1913-இல் அறிவித்தார். 1926-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசும் அவருக்குக் கிட்டியது. பின்னாளில் பிறர் சோதித்தபோது அம்முடிவு நிலைபெறவில்லை.

நூறாண்டு கழிந்து, 2013-இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு பெருமுயற்சியில் இறங்கினர். 2010 முதல் 2012 வரை வெளிவந்த 53 புற்றுநோய்க் கட்டுரைகளிலிருந்து 193 பரிசோதனைகளை மீண்டும் செய்யத் திட்டமிட்டனர். செய்முறையை முன்னதாகவே எழுதி, அறிஞர்களின் ஒப்புதல் பெற்ற பின்னரே சோதனையைத் தொடங்குவது என்பது அவர்கள் கொண்ட நெறி. முடிவைக் கண்டபின் திட்டத்தை வளைக்கும் ஆசைக்கு அது அணையாகும் அன்றோ?

ஆனால், கட்டுரையை மட்டும் படித்து முழுச் செய்முறையை எழுத ஒரு பரிசோதனைக்கேனும் இயலவில்லை! முதலில் செய்தவர்களையே வினவ வேண்டியதாயிற்று. சிலர் உவந்து உதவினர்; சிலர் மறுமொழியும் தரவில்லை. 2021-இல் பணி முடிந்தபோது, 23 கட்டுரைகளைச் சார்ந்த 50 பரிசோதனைகளே நிறைவேறியிருந்தன. அவற்றிலும் விளைவுகள் பெரும்பாலும் முன்பு சொல்லப்பட்டவற்றைவிடச் சிறியனவாகவே இருந்தன.

இதனால் முன்னவர் பொய்யுரைத்தார் என்று துணிதல் தகாது. உயிரணுவின் இயல்பு நுட்பமானது. சிறு வேறுபாடும் முடிவை மாற்றும். ஆயினும், உறுதியற்ற முடிவின்மேல் எழும் மருந்தாராய்ச்சியால் காலத்தை இழப்பவர் நோயாளியே.

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை, முன்பின் அறியாத ஒருவர் அதைக் கொண்டே சோதனையைச் செய்யுமாறு எழுதுங்கள். விஞ்ஞானத்தின் நேர்மை அங்கேதான் தொடங்குகிறது.