அறங்காவலர்

பெயர்ச்சொல். அறம் + காவலர். காத்தலைக் குறிக்கும் ‘கா’ என்ற வினையடியிலிருந்து காவல், காவலர். புணர்ச்சியில் மகரம் ஙகரமானது. பொருள்: அறக்கட்டளையின் சொத்தைப் பிறர் நன்மைக்காகக் காப்பவர்.

காப்பவரின் சொந்த ஆதாயம் குறுக்கிட்டால் அது நலமுரண். நாளிதழ்களில் ‘இரட்டை ஆதாயம்’. கிரிக்கெட் வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணி வைத்துக்கொள்ள இடம் தந்த விதித்திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது இதனால்தான்.

சிறிய கபடி அறக்கட்டளைக்கும் இதே அளவுகோல்தான். சீருடை தைக்க விலைப்புள்ளி தந்தவர் தம் மைத்துனர் என்றால், அறங்காவலர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் வெளியேற வேண்டும். இரண்டும் மினிட்ஸ் புத்தகத்தில் பதிவாக வேண்டும். உறவு இருப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.