ஒதுக்கப்பட்டார் உள்ளம்

உடம்பிற் பட்ட புண் கண்ணுக்குப் புலனாகும். உள்ளத்திற் பட்ட புண் புலனாகாது. புலனாகாமையின் அஃது இல்லையென்று உரைப்பார் எக்காலத்தும் உளர். ஒரு கூட்டத்தாரை ஊரின் ஓரத்தும் பள்ளியின் மூலையிலும் தலைமுறை தலைமுறையாக நிறுத்திவைத்துவிட்டு, 'இதனால் உமக்கு வந்த கேடு யாது?' என வினவுதல் உலகத்து வழக்கமாய் இருந்துவருகின்றது. இவ்வினாவுக்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே முன்னொரு விதமாகவும் பின்னொரு விதமாகவும் விடை பகர்ந்த வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. ஆயினும், கறுப்பின மக்களைப் புகைவண்டியிலும் பள்ளியிலும் உணவுச்சாலையிலும் பிரித்துவைக்கும் சட்டங்கள் தென்மாகாணங்களில் பின்னர் எழுந்தன. 1892ஆம் ஆண்டில் லூயிசியானாவில் ஹோமர் பிளெஸ்ஸி என்பார் வெள்ளையர்க்கென ஒதுக்கிய வண்டியில் அமர்ந்து கைதானார். அவ்வழக்கில் 1896ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிபதிகளுட் பெரும்பாலோர், வசதிகள் ஒத்திருப்பின் பிரித்துவைத்தல் குற்றமாகாது என்றனர். இதனால் கறுப்பர்க்கு இழிவு உண்டென்று தோன்றின், அஃது அவர் தாமே கற்பித்துக்கொள்ளும் பொருள் என்றும் கூறினர். ஹார்லன் என்னும் நீதிபதி ஒருவரே மாறுபட்டு நின்றார். அடித்தவன் கை குற்றமற்றது, அழுதவன் கண்ணே குற்றமுடையது என்பது போன்றதன்றோ இத்தீர்ப்பு!

இழிவு ஒருவன் தானே கற்பித்துக்கொள்வதா, பிறரால் ஊட்டப்படுவதா? இதனை ஆராய்ந்து காட்டினோர் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர். இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளநூல் பயின்று டாக்டர் பட்டம் பெற்றோர். நிறத்தாலன்றி வேறொன்றானும் வேறுபடாத பொம்மைகளை, வெண்ணிறத்தன இரண்டும் பழுப்பு நிறத்தன இரண்டுமாக, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தனர். 'விளையாட எது வேண்டும்? எது நல்லது? எது கெட்டதாய்த் தோன்றுகிறது?' என்று வினவினர். நூற்றுக்கு 67 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினர். 59 பேர் பழுப்புப் பொம்மையே கெட்டதாய்த் தோன்றுகிறதென்றனர். இறுதியாக, 'உன்னைப் போன்றது எது?' என்னும் வினா எழுந்தபொழுது சில குழந்தைகள் தேம்பி அழுதன. கெட்டதென்று தாம் சற்றுமுன் ஒதுக்கியதையே தம் உருவென்று சுட்ட வேண்டியிருந்தமையின் என்க. எழுத்தறியாப் பருவத்தே இவ்வெண்ணத்தை அக்குழந்தைகள் தாமாகக் கற்பித்துக்கொண்டனர் எனல் பொருந்துமோ?

நிற்க. தென் கரோலினாவிலுள்ள கிளாரண்டன் கோட்டத்துக் கறுப்பினப் பெற்றோர் தம் மக்கள் பள்ளி செல்ல ஒரு பேருந்து வேண்டினர், அது மறுக்கப்பட்டது. பின்னர்ப் பிரிவினையையே எதிர்த்து வழக்கிட்டனர். வழக்கிட்டமையால் அவருட் சிலர் வேலையும் இழந்தனர். 1951ஆம் ஆண்டில் அவ்வழக்கிற்காகக் கென்னத் கிளார்க் அவ்வூர்க் குழந்தைகள் 16 பேரை ஆராய்ந்து நீதிமன்றத்திற் சான்று பகர்ந்தார். அவருள் 11 பேர் பழுப்புப் பொம்மையைக் கெட்டதென்றனர். இவ்வழக்கும் பிற மாகாண வழக்குகளும் ஒருங்கு சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றன. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளிற் பிரித்துவைத்தல் சட்டத்திற்கு மாறானது என்றனர். பிரிவினை குழந்தைகளின் நெஞ்சில் தாழ்வுணர்ச்சியை விளைக்கின்றதென்றும், அப்புண் ஆறுதல் அரிதென்றும் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். உள்ளத்தின் புண்ணை அந்நாட்டு நீதி ஒப்புக்கொள்ள 58 ஆண்டுகள் சென்றன.

ஈண்டு ஒரு தடை எழும். வடமாகாணத்தில் வெள்ளையரோடு ஒருங்கே பயின்ற கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். அவ்விருப்பம் தெற்கினும் சற்று மிகுதியாகவே இருந்தது. எனின், பள்ளியிற் பிரித்தல் எங்ஙனம் காரணமாகும் என்பர். பள்ளிச் சுவர் ஒன்றே ஒதுக்கலன்று. கதையும் படமும் கடையும் தெருப்பேச்சும் ஒரு குழந்தையை நாடோறும் தாழ்த்துமாயின், சுவரை இடித்த மாத்திரத்தில் அத்தாழ்வு நீங்காது. இதனை யுணர்ந்தே கிளார்க் தம்பதியர் 1946ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குழந்தைகளின் உளநலம் பேணும் நிலையம் ஒன்றை நிறுவினர். பள்ளிகள் மந்தபுத்தியுடையார் என முத்திரை குத்திய பிள்ளைகளுட் பலர் அத்தகையரல்லர் என்பது அங்கே வெளிப்பட்டது.

இது கடல் கடந்த கதை என்று நாம் கைகழுவல் ஆகாது. அதே கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை பயின்ற டாக்டர் அம்பேத்கர், இளமையில் வகுப்பில் தனியே சாக்கின்மீது அமர்த்தப்பட்டவர். பள்ளிச் சேவகன் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதவர். நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை 1950ஆம் ஆண்டில் ஒழித்தது. எனினும், உத்தரப்பிரதேசத்துக் கிராமச் சிறுவரிடை நடந்து 2004ஆம் ஆண்டில் வெளியான உலக வங்கி ஆய்வு ஒன்று கண்டது யாது? சாதி அறிவிக்கப்படாத பொழுது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் புதிர்களை அவிழ்ப்பதில் ஏனையோர்க்கு நிகராயினர். எல்லோர் முன்னும் சாதி அறிவிக்கப்பட்ட பொழுதோ பின்தங்கினர். அறிவு அற்றுப்போகவில்லை, உள்ளம் ஒடுங்கிற்று.

ஆதலின் அன்பர்களே, நம் பிள்ளை பள்ளி செல்ல அஞ்சினும், உறக்கம் கெட்டு வாய்மூடி யிருப்பினும், சோம்பலென்று அடித்தல் வேண்டா. அமர்ந்து கேளுங்கள், வேண்டுமாயின் உளநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அஃது இழுக்கன்று. மற்றொன்றும் உளது. நமக்குற்ற இழிவை எண்ணிச் சங்கம் கூட்டும் நாம், நமக்குக் கீழென்று வேறொருவரை நம் வீட்டுத் திண்ணையில் இருந்து சுட்டுவோமாயின், கேட்டிருக்கும் குழந்தைகள் இருதிறத்தாரும் கெடுவர். ஒதுக்கப்பட்ட குழந்தை தன்னை இகழக் கற்கும். ஒதுக்கும் குழந்தை பிறரை இகழக் கற்கும். இவ்விரண்டையும் நம் இல்லங்களினின்று விலக்குதலே சங்கத்தின் தலையாய பணியாகும்.