பெயரால் தள்ளிவைக்கப்பட்ட செல்கள்: தோல் மாற்றின் வரலாற்றில் ஒரு சொல்

1791 பிப்ரவரியில் காரன்வாலிஸின் படை, இன்று பேத்தமங்களா அடங்கியுள்ள கோலார்ப் பகுதியின் வழியே பெங்களூரை நோக்கி நகர்ந்தது. அந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய காவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர் புனே அருகே நாட்டு வைத்தியர் ஒருவர் அவரது நெற்றித் தோலை மடித்திறக்கி மூக்கு அமைத்த செய்தியை, 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ வெளியிட்டது. ஐரோப்பிய ஒட்டறுவை மருத்துவத்தைத் தூண்டிய செய்தி என்று இது கொண்டாடப்படுகிறது. அந்தத் தோல் அவருடையதே என்பதைக் கொண்டாட்டத்தில் பலரும் கவனிப்பதில்லை. பிறர் தோலாயின் அது நிலைத்திருக்காது.

ஏன் நிலைக்காது என்பதற்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1943இல் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும், தீக்காயமுற்ற பெண்ணொருவருக்கு அவருடைய சகோதரரின் தோலைப் பொருத்தினர். அது அழிந்தது, இரண்டாம் முறை பொருத்தியது இன்னும் விரைவாக அழிந்தது. உடல் முதல் தோலை நினைவில் வைத்திருந்தது என்றே இதற்குப் பொருள். 1953இல் பில்லிங்காம், பிரெண்ட், மெடவார் மூவரும், கருவிலேயே அயல் செல்களைப் பெற்ற எலிகள் பின்னாளில் அதே வகை எலியின் தோலை ஏற்பதைக் காட்டினர். ஆக, ஏற்பும் கற்பிக்கக்கூடியதே.

இந்த ஏற்பைக் காப்பது எது? 1970இல் கெர்ஷனும் கோண்டோவும், பிற செல்களின் எதிர்வினையை அடக்கும் டி செல்கள் உண்டு என்றனர். அவை ‘ஒடுக்கி’ செல்கள் எனப்பட்டன. பெயர் வேகமாகப் பரவியது. அதைச் சுற்றி ஒரு பெருங்கோட்பாடும் வளர்ந்தது. ஆனால் அக்கோட்பாடு வேண்டிய ‘ஐ-ஜே’ என்னும் மரபணு, அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று 1983இல் தெரிந்தது. கோட்பாட்டோடு நிகழ்வையும் சேர்த்தே துறை கைவிட்டது; அந்தப் பெயரைத் தாங்கிய ஆய்வுகள் ஐயத்துடன் பார்க்கப்பட்டன. குறி பிழைத்தால் குறிக்கப்பட்ட பொருளும் இல்லை என்று முடிவுசெய்வது மொழியியல் மாணவருக்குக்கூடப் பொறுக்காத தவறு.

ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி விடவில்லை. 1995இல் அவர் குழு, சிடி25 என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய டி செல்களை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைத் தைமஸ் அற்ற எலிகளுக்குச் செலுத்தியது. எலிகளின் உடல் தன்னையே தாக்கியது. அயல் தோலின் மீதான தாக்குதலும் கடுமையாயிற்று. நீக்கிய செல்களைத் திரும்பச் சேர்த்தபோது அத்தாக்குதல் தணிந்தது. இவற்றுக்கு நிலைத்த பெயர் ‘ஒழுங்காற்று’ டி செல்கள். செயலளவில் பழைய பெயரும் தவறன்று. ஆனால் அதைச் சொல்லப் பலரும் தயங்கினர். மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் சகாகுச்சிக்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

நோயாளியின் ஒழுங்காற்றுச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் திரும்பச் செலுத்தும் சோதனைகள், சிறுநீரக மாற்றில் மனிதர்களிடம் நடந்துள்ளன. தோல் இன்னும் கடினமான களம். அயலை அடையாளங்காட்டும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதில் நிறைந்துள்ளன. தோல் வங்கியிலிருந்து பெறும் தோல் இன்றும் தீக்காயத்துக்குச் சில வாரப் போர்வை மட்டுமே. அது உதிர்ந்தபின் வைக்கப்படுவது, காவாஸ்ஜிக்கு வைத்ததைப் போலவே, நோயாளியின் சொந்தத் தோல்.